சீசனுக்குப் பதினைந்து ஊசி

நாற்பதாவது ஊசியைப் போட்டு முடித்த கம்பவுண்டர் சங்கிலிமுத்து, அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். வள்ளித்தாய் ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தாள். எழுந்ததும் இருமல் வந்தது. அது நிற்க நேரமானது. கம்பவுண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இனிமே வரவேண்டாம்" என்றார். அவளிடம் அல்ல, வாசலில் நின்ற இருளம்மாளிடம்.

"என்ன கம்பவுண்டரே, இப்படிச் சொல்லிட்டீக?"

"நாப்பது போட்டாச்சு. ஒனக்குப் பதினஞ்சுலயே கேட்டுச்சு. இவளுக்கு நாப்பதுலயும் கேக்கல. மருந்து டப்பா அதே டப்பா. போடுற கையும் அதே கை. அப்பக் கோளாறு எங்கன இருக்கு?"

இருளம்மாள் தம்பி பெண்டாட்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"பெறந்த எடத்துல இருக்கு" என்றாள்.

அன்றைக்கு ஆனி மாதம் கடைசி நாள். வருடம் அறுபத்து மூன்று.

நாரணாபுரத்தில் அந்த வீடு இருளம்மாள் சம்பாத்தியத்தில் நடந்தது. புருஷன் விட்டுப்போன பிறகு தம்பியோடு வந்து சேர்ந்தவள். தம்பி மொக்கைச்சாமி லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். வேலை இருந்தால் கூலி. இருளம்மாள் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில் பத்து வருடமாக இருந்தாள். அந்த அறை வாசலில் போர்மேன் கருப்பணன் நிற்பான். இருமுகிறவர்களை உள்ளே விடமாட்டான். இருமினால் கை ஆடும். கை ஆடினால் உரசும். உரசினால் அறை இருக்காது.

இருளம்மாளுக்கு இருமல் வந்து நாலு வருடம் ஆகிவிட்டது. அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஆடியில் சீசன் தொடங்கும்போது சங்கிலிமுத்துவிடம் போவாள். பதினைந்து நாள், பதினைந்து ஊசி. இருமல் நின்றுவிடும். தீபாவளி வரை நின்றிருக்கும். கார்த்திகையில் திரும்ப வரும். அப்போது ஆர்டர் இல்லை, கருப்பணனும் வாசலில் இல்லை. வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுவாள். அடுத்த ஆடியில் மறுபடி பதினைந்து.

அவள் மட்டுமல்ல. ஊரில் எட்டுப் பத்துப் பெண்கள் அப்படிப் போட்டுக்கொண்டார்கள். சீசன் ஊசி என்று அதற்குப் பெயர். தூரம் போகிற மாட்டுக்கு லாடம் கட்டுகிற மாதிரி.

வள்ளித்தாய் விஸ்வநத்தத்திலிருந்து போன ஆவணியில் அந்த வீட்டுக்கு வந்தாள். மார்கழியில் இருளம்மாளுக்கு இருமல் முற்றியது. கதவைச் சாத்திய ஒற்றை அறையில் நாத்தனாரின் முதுகுக்கும் நெஞ்சுக்கும் எண்ணெய் நீவிவிட்டது வள்ளித்தாய்தான். பங்குனியில் அவளுக்கே இருமல் தொடங்கியது.

சித்திரையில் தன் அம்மா பஞ்சம்மாளோடு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூடி போட்ட கண்ணாடிச் சீசாவைக் கொடுத்து, நெஞ்சிலிருந்து காறித் துப்பச் சொன்னார்கள். துப்பினாள். டாக்டர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"இந்த இருமலுக்கு இதுக்கு முன்னாடி ஊசி போட்டிருக்கியா?"

"இல்லங்க."

எழுதிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். காசநோய் என்றால் ஒரு வருடம் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும் என்றார்.

அதைக் கேட்டு இருளம்மாள் சிரித்தாள். "ஒரு வருசமா? மாத்திரையத் தின்னுட்டே சாகவா? எனக்குப் பதினஞ்சு நாளுல போகுது. சங்கிலிமுத்துகிட்ட வா."

அவள்தான் கூட்டிப்போனாள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கெட்ட எண்ணம் பிறகு வந்தது.

*

ஊசி கேட்கவில்லை என்ற செய்தி இரண்டு நாளில் ஊர் முழுக்கப் போனது. அக்காளுக்குக் கேட்ட ஊசி தம்பி பெண்டாட்டிக்குக் கேட்கவில்லை என்றால் இது தொற்றிய சீக்கு இல்லை, வம்சச் சீக்கு. மறைத்துக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். பேசியவர்களுக்கு இதில் சந்தேகம் இருக்கவில்லை. மொக்கைச்சாமியும் பேசினான். வீட்டில் அக்காள் சொன்னதை டீக்கடையில் தன் வார்த்தையாகச் சொன்னான்.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயில் பொட்டலில் கூட்டம் என்று முடிவானது. தாலியைக் கழற்றித் தீர்த்துவிடுவதற்குத்தான் கூட்டம். ஊர்ப் பெரியவர் உக்கிரபாண்டி சொல்லி அனுப்பிவிட்டார்.

தீர்த்துவிடுவதைப் பற்றி வள்ளித்தாய்க்கு வருத்தம் இல்லை. மொக்கைச்சாமி இல்லாமல் இருக்க முடியும் என்று அவளுக்குக் கல்யாணமான மாதமே தெரிந்துவிட்டது. ஆனால் என்ன சொல்லித் தீர்ப்பார்கள் என்பது வேறு விஷயம். வம்சச் சீக்கு என்று பொட்டலில் ஒருமுறை சொல்லிவிட்டால் அது அவளோடு நிற்காது. அவளுக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள், பத்திரகாளி. அவளைப் பெண் கேட்டுச் சிவகாசியிலிருந்து வந்துபோயிருந்தார்கள். கூட்டம் முடியட்டும், பிறகு பேசுவோம் என்று இப்போது சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

புதன்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

டாக்டர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். சந்தோஷப்படவில்லை.

"ஒரு வாரத்துல வரச் சொன்னேன். மூணு மாசம் தாண்டி வந்திருக்க."

"வீட்ல விடலங்க."

"பொய் வேற சொல்லியிருக்க."

வள்ளித்தாய் நிமிர்ந்தாள். அவர் ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் போட்டார். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது நினைவு வந்து தானே சொன்னார்.

"உன் சளியை மெட்ராசுக்கு அனுப்பினேன். கிருமியை வளர்த்துப் பாத்திருக்காங்க. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி அதுக்குக் கேக்கல. ஊசியையே பாக்காத கிருமி இப்படி இருக்காது. அதுக்குப் பழக்கம் வேணும். நீ ஊசி போட்டதே இல்லைன்னு சொன்ன."

"போட்டதில்ல."

"கையில தழும்பு இருக்கு."

"அது அதுக்கப்புறம். நாப்பது போட்டேன். எல்லாம் வைகாசிக்கு மேல. நீங்க சீசா குடுத்தது சித்திரை."

டாக்டர் காகிதத்தில் தேதியைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"வீட்ல வேற யாரு இருமுறா?"

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரோ ஒரு ஆள் இருக்கணும். ஊசி போடுறது, இருமல் நின்னதும் விட்டுடறது, திரும்ப வந்ததும் போடுறது. அப்படி ஒரு ஆள்."

"ஆமா."

"எத்தனை வருசமா?"

"இது நாலாவது ஆடி."

அவர் பேனாவை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார். பதினைந்து ஊசியில் எல்லாக் கிருமியும் சாவதில்லை. சாகிறவை சாகும். ஊசியைத் தாங்குகிறவை சில மிஞ்சும். ஊசியை நிறுத்தியதும் அவை பெருகும். அடுத்த வருடம் மறுபடி பதினைந்து. மிஞ்சுகிறவை இன்னும் அதிகம். கடைசியில் நெஞ்சு முழுக்கத் தாங்குகிறவை மட்டும்தான் இருக்கும். அந்த நெஞ்சிலிருந்து இருமலில் வருவதும் அவைதான்.

"அதைத்தான் நீ வாங்கியிருக்க. உனக்கு நாப்பது இல்ல, நானூறு போட்டாலும் அந்த ஊசி கேக்காது."

"அப்ப இது எங்க வீட்டுச் சீக்கு இல்ல."

"கிருமி வீடு பாத்து வராது. ஆனா இது ஊசி போட்ட நெஞ்சுல இருந்து வந்தது. உங்க வீட்ல யாராவது ஊசி போட்டாங்களா?"

"எங்கம்மா ஆஸ்பத்திரியையே அன்னைக்குத்தான் பாத்தா."

"அப்ப இல்ல."

"அத எழுதிக் குடுங்க."

"யாரு பேரையும் எழுத மாட்டேன். நீ சளி குடுத்த தேதி, இந்த ஊசி கேக்காதுங்கிறது, ரெண்டும் இந்தச் சீட்டுல இருக்கு. எடுத்துக்கோ."

"போதும்" என்றாள் வள்ளித்தாய்.

ஒரு மாதத்துக்கான மாத்திரையைத் தகர டப்பாவில் கொடுத்தார்கள். தினமும் சின்னது இரண்டு. பெரியது காலையில் பத்து, மாலையில் பத்து. டப்பா கனத்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம், வீட்டில் இருந்தே குணமாகலாம், இப்போது அப்படித்தான் செய்கிறார்கள் என்றார் டாக்டர். ஆனால் இரண்டு மாத்திரையையும் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும். ஒன்றுக்குத் தப்புகிற கிருமி இன்னொன்றில் சாகும்.

"பாதி முழுங்காதே. யாருக்கும் பங்கு குடுக்காதே. குடுத்தா ரெண்டு பேருக்கும் இதுவும் கேக்காமப் போயிரும். அப்புறம் என்கிட்ட குடுக்க ஒண்ணும் இருக்காது. நீ முழுங்குறதைப் பாக்க வீட்ல ஒரு ஆளை வச்சுக்கோ."

"எதுக்கு?"

"வயித்தைப் புரட்டும். எல்லாரும் கிணத்துல கொட்டிட்டு முழுங்கிட்டேன்னு வந்து நிக்கிறாங்க."

*

வியாழக்கிழமை சாயங்காலம் இருளம்மாள் வேலைவிட்டு வந்தாள். விரலெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி. டப்பா அடுப்படியில் இருந்தது. மொக்கைச்சாமி அதைக் காலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கன போனா நேத்து?" என்று தம்பியைக் கேட்டாள்.

"விருதுநகருக்காம்."

"போயி?"

வள்ளித்தாய் சொன்னாள். சீட்டைக் காட்டினாள். தேதியைச் சொன்னாள். டாக்டர் சொன்னதை வரிசை மாறாமல் சொன்னாள். இருளம்மாள் கையைக் கழுவாமலே கேட்டாள்.

"நீங்க குடுத்ததுதான் மதினி எங்கிட்ட இருக்கு. நாளைக்குப் பொட்டலுல இதச் சொல்லுவேன்."

"சொல்லு. சீட்டைப் பாத்து ஒனக்குக் கோயில் கட்டுவானுக."

சொல்லிவிட்டு இருமினாள். சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு இருமினாள். சத்தம் வரவில்லை, தோள்தான் குலுங்கியது. இந்த ஆடியிலும் அவள் பதினைந்து ஊசி போட்டுவிட்டாள். இந்த ஆடியில் கேட்கவில்லை. கேட்டுவிட்டது என்று கம்பவுண்டரிடம் சொல்லியிருந்தாள். கருப்பணன் முன்னால் தலைப்பைக் கடித்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டியிருந்தாள். அவள் சேலையைத் துவைக்கிறவள் வள்ளித்தாய். தலைப்பில் இருந்த கறையை அவள் பார்த்திருந்தாள்.

இருமல் அடங்கியதும் இருளம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த மாத்திரை எனக்கும் கேக்குமா?"

"கேக்கலாம்னாரு."

"பாதி குடு."

வள்ளித்தாய் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பாதி குடுட்டி. கூட்டத்த நிறுத்திருதேன். உக்கிரபாண்டி மாமாகிட்ட நானே போயிச் சொல்லுதேன், ஊசி கேட்டிருச்சு, பொண்ணு நல்லா இருக்கான்னு. ஒம் தங்கச்சி கல்யாணம் தடங்கல் இல்லாம நடக்கும். அம்புட்டுத்தான். பாதி."

"பாதியில ரெண்டு பேரும் சாவோம். நீங்க விருதுநகர் போங்க. அங்கன சும்மாதான் தாராக."

"போனாப் பேரு எழுதுவான். நர்சு தெருவுக்கு வருவா. கருப்பணன் காதுக்குப் போக எம்புட்டு நேரம் ஆகும்? சீசன்டி இது. தீவாளிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. தீவாளி முடியட்டும், போறேன்."

"நாலு வருசமா தீவாளி முடிஞ்சு நீங்க எங்கயும் போகல."

"குடுத்துத் தொலையேன்" என்றான் மொக்கைச்சாமி. "அக்கா கேக்குதுல்ல."

வள்ளித்தாய் டப்பாவைப் பார்த்தாள். மூடியைத் திறந்து ஒரு கை அள்ளிக் கொடுத்தால் போதும். நாளைக்குப் பொட்டல் இல்லை. பத்திரகாளிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. நெஞ்சுக்குள் இருப்பதற்கு மட்டும் தெரியும்.

பிறகு எழுந்து டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மாட்டேன்" என்றாள்.

இருளம்மாள் எழுந்திருக்கவில்லை. "நீ நாறிப் போவ" என்றாள். "ஒன் தங்கச்சி எவனும் தொடாமக் கெடந்து நாறுவா."

இருட்டுவதற்குள் வள்ளித்தாய் விஸ்வநத்தம் போய்ச் சேர்ந்தாள். நடக்கிற தூரம்தான். பஞ்சம்மாள் முன்னால் உட்கார்ந்து பத்து மாத்திரையையும் முழுங்கினாள். ஏழாவதில் வாந்தி வந்தது. அடக்கிக்கொண்டு எட்டாவதை எடுத்தாள்.

*

வெள்ளிக்கிழமை பொட்டலில் நல்ல கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். உக்கிரபாண்டி நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் கருப்பணன், மடித்த துண்டோடு. அவனும் அந்தச் சனம்தான். சங்கிலிமுத்து நின்றுகொண்டே சாட்சி சொன்னார். நாற்பது ஊசி. கேட்கவில்லை.

"வம்சத்துல இருந்தா ஊசி என்ன செய்யும்?" என்றார் உக்கிரபாண்டி. "ஏ பஞ்சம்மா, மறைச்சுக் கட்டிக் குடுத்தயா?"

பஞ்சம்மாள் அழத் தொடங்கினாள். வள்ளித்தாய் அவளைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

"நான் பேசுறேன் மாமா."

சீட்டைப் பிரித்தாள். படிக்கத் தெரிந்த ஒருவர் தேதியைப் படித்தார். சித்திரை என்று கணக்குச் சொன்னார். ஊசி அதற்குப் பிறகுதான் தொடங்கியது என்று சங்கிலிமுத்துவே ஒத்துக்கொண்டார். மற்றதை வள்ளித்தாய் சொன்னாள். சொல்லச் சொல்ல ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

"கிருமிக்கு ஞாபகம் இருக்குமாக்கும்" என்றார் உக்கிரபாண்டி. "ஏலே மொக்க, ஒன் பொண்டாட்டி நெஞ்சுல இருக்கிறதுக்கு இருக்கிற வெவரம் ஒனக்கு இல்லயேல."

சிரிப்பு பெரிதானது. மொக்கைச்சாமியும் சிரித்தான்.

"ஞாபகம் இருக்கோ இல்லயோ" என்றாள் வள்ளித்தாய். "இருளம்மா மதினி இந்த ஆடியில பதினஞ்சு போட்டிருக்காக. கேட்டுச்சான்னு கேளுங்க."

"கேட்டுச்சு" என்றாள் இருளம்மாள், பெண்கள் பக்கத்திலிருந்து.

"அப்ப வாயில இருக்கிற தலைப்ப எடுங்க."

இருளம்மாள் தலைப்பை எடுத்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு நேராக வள்ளித்தாயைப் பார்த்தாள். கழுத்து நரம்பு எழுந்தது. கண்ணில் நீர் கட்டியது. உக்கிரபாண்டி வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மெல்லத் தொடங்கும் வரை தாங்கினாள். பிறகு வந்தது. முதல் இருமலுக்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. குனிந்து, முழங்காலில் விழுந்து, தரையில் கையூன்றி இருமினாள். மணலில் விழுந்தது சிவப்பாக இருந்தது.

கருப்பணன் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து அப்பால் போய் நின்றான்.

அப்போது பெண்கள் பக்கத்தில் வேறு யாரோ இருமினார்கள். ஒரே ஒரு தரம். யார் என்று பார்க்கத் திரும்பினார்கள். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கிலிமுத்து கூட்டத்தில் இல்லை. எப்போது போனார் என்று தெரியவில்லை.

உக்கிரபாண்டி வெற்றிலையைத் துப்பினார்.

"தீத்துவிட வந்தோம், தீத்துவிட்டிருவோம். இனி ஒரு வீட்ல இவுக இருக்க முடியாது. ஆனாப் பொண்ணு வீட்டுச் சீக்கு இல்ல. அது இங்கன சொன்னதா இருக்கட்டும்."

வள்ளித்தாய் தாலியைக் கழற்றி நீட்டினாள். மொக்கைச்சாமி வாங்குவதற்கு முன் அக்காளைப் பார்த்தான். அவள் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

*

திங்கட்கிழமை கருப்பணன் இருளம்மாளை வாசலிலேயே திருப்பி அனுப்பினான். இரண்டு வாரம் வீட்டில் கிடந்தாள். மறைக்க இனி எதுவும் இல்லை என்று ஆனபிறகு விருதுநகர் போனாள்.

அடுத்த மாத மாத்திரை வாங்கப் போனபோது டாக்டர் வள்ளித்தாயிடம் அதைச் சொன்னார்.

"டப்பா வாங்கிட்டுப் போயிருக்கா. முழுங்குறதைப் பாக்க ஆள் இல்ல. தம்பி லோடுக்குப் போயிடறான். அந்த வீட்டுக்குள்ள யாரும் நுழைய மாட்டேங்கிறாங்க."

"ஏமாத்துவாக" என்றாள் வள்ளித்தாய்.

"தெரியும். ஏமாத்தினா இந்த மாத்திரையும் கேக்காத கிருமி அந்தத் தெருவுக்கு வரும். நீ பாப்பியா?"

"நானா?"

"உனக்கு அவளைப் பிடிக்காது. அதனாலதான் கேக்குறேன். பாவம் பாக்குற ஆள் எனக்கு வேண்டாம்."

பஸ்ஸில் வரும்போது அவள் அதை யோசித்தாள். மன்னிப்பதற்கு எதுவும் இல்லை. மன்னிக்கவும் இல்லை. பொட்டலில் ஜெயித்தது ஒரு நாள்தான். பத்திரகாளிக்கு மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வரவில்லை. ஆனால் இருளம்மாள் தினமும் தன் முன்னால் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். அதை நினைத்தபோது அந்த மாதத்தில் முதல்தடவையாக அவளுக்குப் பசித்தது.

காலையில் போனாள். இருளம்மாள் வா என்று சொல்லவில்லை. வள்ளித்தாய் நிலையைத் தாண்டி ஓரடி வைத்து நின்றுகொண்டாள்.

"எதுக்கு வந்த?"

"முழுங்கு."

இருளம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். மதினி என்ற சொல் இல்லை, மரியாதை இல்லை என்பதைக் கவனித்தாள். சின்னது இரண்டையும் முழுங்கினாள். பெரியதை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஐந்தாவதில் குமட்டியது. வள்ளித்தாய் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுக்கவில்லை. காலால் அவள் பக்கம் நகர்த்தினாள். பத்தாவது போனதும் இருளம்மாள் வாயைத் துடைத்தாள்.

"நீ நல்லா இருக்கமாட்ட."

"வாயத் தெற."

திறந்தாள்.

"நாக்கத் தூக்கு."

நாக்குக்கு அடியில் இரண்டு மாத்திரை இருந்தது. கரைந்து ஓரம் வெள்ளையாக வழிந்தது. வள்ளித்தாய் செம்பைக் கண்ணால் காட்டினாள். இருளம்மாள் செம்பை எடுத்துக் குடித்தாள். தொண்டை இரண்டு தரம் ஏறி இறங்கியது.

"எம்புட்டு நாளைக்கு இப்படி வருவ?"

"சாயங்காலம் வருவேன். நாளைக்கு வருவேன்."

"தீவாளி வரைக்குமா?"

"தீவாளி முடிஞ்சும் வருவேன். கார்த்திகையில வருவேன். இருமல் நின்ன பெறகும் வருவேன்."

இருளம்மாள் செம்பைத் தரையில் வைத்தாள். சத்தமாகத்தான் வைத்தாள்.

"நாக்கத் தூக்கு" என்றாள் வள்ளித்தாய் மறுபடி.